பொண்ணு ஏறுற வண்டி

— ஐயையோ, காஞ்ச துணிய வெக்காதமே! எடு கைய! எத்தினி தபா சொல்றது எல்சி? மேல கீறது வெறும் தூசி இல்ல. டிரைலர் லாரி கரியும் கடல் உப்பும் சேந்து மண்ணாட்டம் நிக்குது. தண்ணி ஊத்தாத தேச்சீன்னா காரு பெயிண்ட்டு பூரா கோடு கோடா கீறிக்கும்.

— கீறட்டும். நீ அந்த சேர வுட்டு எழுந்திரிக்காத. எழுந்தீன்னா இந்த பக்கெட்ட அப்டியே உன் தலைல கவுத்துடுவேன்.

— எழுந்திரிக்கல. வாயால தான சொல்றேன். எதுக்கும் ஒரு மொற கீதுமே. மொதல்ல டாப்புலேர்ந்து தண்ணிய ஊத்து, கரி தானா எறங்கட்டும். அப்பால ஷாம்பு. அதையும் சுத்தி சுத்தி தேய்க்காத, ஒரே பக்கமா இழு. அப்பால அலசு. அப்பால தான் தொடைக்கறது.

— முப்பது வருசமா ஹார்பர்ல கிரேன் ஓட்டுனியே, அந்த கிரேனுக்காவது இத்தினி மொற வெச்சிருந்தியா? நெஞ்சு வலிக்கு ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்து முழுசா ஒரு மாசம் ஆவல. டாக்டரு இன்னா சொன்னாரு? பக்கெட்டு தூக்காத, மாடி ஏறாத, ஸ்டீரிங்க தொடாத, ஆறு வாரம் கம்முனு இருன்னாரா இல்லியா?

— அதான் பக்கெட்ட நீ தூக்குற.

— ஆமா, என் தலையெழுத்து. காலைல மீனக் கழுவுனேன், பாத்திரம் கழுவுனேன், இப்ப உன் வண்டியவும் கழுவிகினு கீறேன். கல்யாணத்துக்கு நா எப்ப தல சீவறது? எப்ப பொடவ கட்றது?

— மணி பன்னண்டு தான் ஆவுது. நாலு மணிக்கு தான் சாண்ட்ரா ஏறணும். எந்தங்கச்சி ஞானம் நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? "அண்ணே, எம்பொண்ணு உன் வண்டில தான் சர்ச்சுக்கு போவணும்"னு ஒரே ஒரு வார்த்த கேட்டா. அந்த பொண்ணு வெள்ள கவுனு போட்டுகினு இந்த கலீஜுலயா குந்தும்?

— வண்டில ஏறட்டும், யாரு வேணான்னா? ஓட்றது யாருன்னு தான் நா காலைலேர்ந்து தொண்டத் தண்ணி வத்த கேட்டுகினு கீறேன். டிரைவரு சொல்லலான்னா வேணான்ற. வாடக காரு வெச்சிக்கட்டும்னா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிற. உன் மனசுல இன்னா தான்யா கீது?

— அத நா பாத்துக்கறேன்.

— இன்னாத்த பாத்துப்ப? நீ மட்டும் சாவிய எடுத்துப் பாரு, நடு ரோட்ல படுத்துடுவேன். சொல்ட்டேன்.

— செரி செரி. மொதல்ல தண்ணிய ஊத்து. ஏமே, இரு. அது போரு தண்ணியா?

— பின்ன, பன்னீரா?

— உப்புத் தண்ணிமே அது! கரிய எறக்கறதுக்கு ஓகே. கடைசியா அலசறதுக்கு ஆவாது. காஞ்சா வெள்ள வெள்ளயா திட்டு நிக்கும். உள்ள லாரித் தண்ணி ரெண்டு கொடம் கீதுல்ல, அத எடுத்தா.

— குடிக்கிற தண்ணியவா? முந்தாநாளு லாரியாண்ட எதுத்த வூட்டு குணசுந்தரியோட மல்லுக்கட்டி புடிச்ச தண்ணிய்யா அது! எங்கொடத்த காலால தள்ளுனா அவ. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு கொண்டாந்தேன். அத உன் வண்டிக்கு ஊத்தவா?

— ஒரு கொடம்.

— அரக் கொடம். அதுக்கு மேல கேட்டீன்னா மாதா மேல சத்தியமா துணிய வீசிட்டு உள்ள போய் படுத்துக்குவேன்.

— செரி, அரக் கொடம். இந்தாண்ட பக்கம் முடிஞ்சிச்சி, நல்லா தான் வந்துகீது. அந்தாண்ட பக்கம் செவுத்தோட ஒட்டிகினு கீது, கை போவாது. சாவி வண்டில தான் தொங்குது. எப்பவும் மாரி உள்ள ஏறி நாலடி முன்னாடி எடு, செவுத்த தாண்டிடும்.

— அந்த பக்கம் வேணாம், வுடு.

— இன்னாமே வுடுன்ற? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செய்றது தான? நா கீழ குந்தி டயரு கழுவுவேன், நீ உள்ள குந்திகினு நாலடி முன்னாடி, நாலடி பின்னாடி நவுத்துவ. இன்னிக்கி இன்னா புதுசா?

— நா ஏற மாட்டேன்னா ஏற மாட்டேன். செவுத்து பக்கம் யாரு வந்து பாக்கப் போறா?

— சாண்ட்ரா அந்த கதவுல தான் ஏறுவா. போட்டோக்காரன் அந்த பக்கம் தான் நிப்பான்.

— அப்ப தள்றேன். கதவ தொறந்து ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டு பின்னாடி நின்னு தள்றேன்.

— முழு வண்டியவா? தனியாவா? உனக்கு இன்னா பைத்தியமா?

— ஆமா, உன்ன கட்டிகினப்பவே புடிச்சிச்சி. நீ எழுந்திரிக்காத! குந்து! ஹா... யம்மா... மாதாவே... தோ, நவுந்துச்சா? நாலடி போதுமா, இல்ல ராயபுரம் பாலம் வரிக்கும் தள்ளட்டுமா?

— போதும் போதும், பிரேக்க போடு. கதவ மூடாத. கியரு தல மேல பளபளன்னு ஒட்டிகினு கீதே, இன்னா அது?

— ஒண்ணுமில்ல.

— இன்னா ஒண்ணுமில்ல? மீன் செதிலுமே! என் வண்டில மீன் செதிலா? நா உள்ள ஏறும்போது செருப்பயே கயட்டிட்டு ஏறுவேன்!

— ஒரு செதிலுக்கு இந்த கத்து கத்துறியே. காசிமேட்டுக்கு பக்கத்துல வூட்ட வெச்சிகினு ரோசாப்பூவா ஒட்டும்?

— இரு, இரு. அது இன்னா கோடு? செவுத்து பக்க கதவுல?

— கரி.

— கரி வெள்ளயாவா கீது? முன் கதவுல ஆரம்பிச்சி பின் கதவு வரிக்கும் போவுது பாரு! ஐயோ, எவனோ கம்பிய வெச்சி இஸ்துட்டு போயிகீறான். நா ஆஸ்பத்திரி போறதுக்கு மொத நாளு தான் மெழுகு போட்டேன். ஒரு கீறலு கெடையாது.

— உசுரு வந்துச்சில்ல, அத பாரு. தகரத்த கட்டிகினு அழுவாத.

— என்ன அன்னிக்கி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது மஹீன் தான? நீ தான அப்டி சொன்ன? தோ, அவனே வரான். டேய் மஹீன்! ஆட்டோவ ஓரங்கட்டு! இந்தாண்ட வாடா!

— இன்னா மாமு, சேரு போட்டு ஷோக்கா குந்திகினு கீற? ஒடம்பு எப்டி கீது?

— ஒடம்ப வுடு. இத இன்னான்னு பாரு.

— காரு மாமு.

— கோட்ட பாருடா! அன்னிக்கி என்ன ஆஸ்பத்திரிக்கு ஓட்டிகினு போனது நீ தான?

— நானா? எப்ப மாமு... ஆங்! ஆமா மாமு. எல்சிக்கா தான்... ஆமா, ஆமா. நானே தான்.

— மஹீனு, உனக்கு ஏதோ சவாரி கீதுன்னியே. நீ கெளம்புப்பா.

— சவாரியா? இல்லியேக்கா, இப்ப தான் நாஸ்தா துன்னுட்டு... ஆங், கீதுக்கா. கீது கீது.

— நீ கம்முனு இரு எல்சி. மஹீன், எங்கடா வுட்டு இடிச்ச?

— இடிக்கலாம் இல்ல மாமு. மார்க்கெட் சந்துல ஒரு ஐஸ் தள்ளுவண்டி, அதுவா வந்து லைட்டா ஒரசிச்சி. தோ, இந்தப் பக்கம். இந்தப் பக்கம் தானக்கா?

— அவள இன்னாத்துக்குடா கேக்கற? செரி, கியரு மேல மீன் செதிலு எப்டி வந்துச்சி?

— மாமு, தெனம் ஆட்டோல மீன் கூட தான ஏத்தறேன்? எங்கைல செதிலு இல்லாத வேற இன்னா இருக்கும்?

— இந்த வண்டில ரிவர்ஸ் போடணும்னா கியர மேல தூக்கணுமா, கீழ அமுக்கணுமா?

— தூக்கி... தூக்கிட்டு அப்பால அமுக்கி...

— டபாய்க்காதடா. அல்லா மேல சத்தியம் பண்ணு, நீ தான் ஓட்னன்னு.

— மாமு, அல்லாவ எதுக்கு மாமு இதுல இஸ்துகினு? யக்கா, மன்னிச்சிக்கக்கா. ஒரு மாசமா இந்த பொய்ய வெச்சிகினு மாமு மூஞ்சியயே பாக்க முடியல. நா வேற எந்த பொய்ய வேணா சொல்றேன், சத்தியம் மட்டும் வேணாம். அன்னிக்கி நா மணலிக்கு சவாரி போயிருந்தேன் மாமு! நா வரேன்!

— மஹீனு! அடப் பாவி! இதுக்கா உனக்கு வஞ்சிரக் கொழம்பு குடுத்து வுட்டேன்?

— அவன் போய்ட்டான். அந்த துணிய புழிஞ்சது போதும், கிழிஞ்சிடப் போவுது. சொல்லு எல்சி. யாரு ஓட்னது?

— நா தான்! போதுமா? நா தான் ஓட்னேன்! இதே எடத்துல தான் நீ பக்கெட்ட புடிச்சிகினே சாஞ்ச. நா உள்ள மீன் ஆஞ்சிகினு இருந்தேன், கைய கூட கழுவல, ஓடியாந்தேன். கத்துனேன். தெருவுல ஒரு ஆம்பள இல்ல, எல்லாம் வேலைக்கு போயிகீது. மஹீனுக்கு போனு போட்டா மணலில கீறான். ஆம்புலன்சுக்காரரு சொல்றாரு, "ஹார்பர் ரோட்ல டிரைலர் வரிசைம்மா, முன்னாடியும் போவ முடியல பின்னாடியும் போவ முடியல"ன்னு. உன் மூஞ்சி வெளுத்துகினே போவுது. நானும் குணசுந்தரியும் தான் உன்ன இஸ்து பின் சீட்ல போட்டோம். எனக்கு தெரிஞ்சது இன்னா? நாலடி முன்னாடி, நாலடி பின்னாடி. அத வெச்சிகினு தான் போனேன்.

— எந்த கியர்ல போன?

— எந்த கியரா? எனக்கு நீ எத்தினி கியரு கத்துக் குடுத்த? ஃபர்ஸ்ட்டு கியர்லயே ஸ்டான்லி வரிக்கும் போனேன். வண்டி அலறுது, நானும் அலறுறேன்.

— ஃபர்ஸ்ட்டு கியர்லயேவா? அவ்ளோ தூரமா? எஞ்சினு இன்னாத்துக்குமே ஆவும்...

— எஞ்சினா! இப்பவும் எஞ்சினா! உன்ன அங்கயே மீன் மார்க்கெட்ல எறக்கி வுட்டுட்டு வந்திருக்கணும்யா நானு!

— கத்தாத. எதுக்கு எங்கிட்ட மறச்ச?

— எதுக்கா? அந்த ஐஸ் வண்டி மேல ஒரசினேன்ல, அந்த ஆளு ஒரு ஜாண் இந்தாண்ட நின்னிருந்தா அவன் காலே போயிருக்கும். அவன் கத்துனது இன்னும் காதுல கீது. நீ பொழச்சி வந்துட்ட, நா நிம்மதியா இருக்கணும் இல்ல? முடியலியே! ஸ்டீரிங்க பாத்தாவே அந்த ஆளு காலு தான் கண்ணு முன்னாடி வருது. மறுநாளு உன் மச்சான், ஞானத்தோட வூட்டுக்காரரு தான் வண்டிய கொண்டாந்து செவுத்தோட ஒட்டி வுட்டாரு. நா தான் அப்டி வுட சொன்னேன், கோடு கண்ல படக் கூடாதுன்னு. உங்கிட்ட சொன்னா நீ திட்டுவன்னு கூட இல்ல. "எங்க, இன்னொரு தபா ஓட்டிக் காட்டு"ன்னுவ. என்னால ஆவாது. அந்த சீட்ல இனிமே நா குந்த மாட்டேன். நீயும் குந்தக் கூடாது.

— சாண்ட்ரா நாலு மணிக்கு...

— யோவ், உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? நீ ஓட்டிகினு போய் நடு வழில நெஞ்ச புடிச்சிகினீன்னா? பின்னாடி கல்யாணப் பொண்ணு. முன்னாடி பேண்டு வாசிக்கிற பசங்க பத்து பேரு நடந்து போறானுங்க. எல்லாரு மேலயும் ஏத்துவியா? எனக்கு இன்னொரு தபா உன்ன தூக்கிகினு ஓட தெம்பு இல்லய்யா. இல்லவே இல்ல.

— நா ஓட்டல.

— இன்னா?

— நா ஓட்டல எல்சி. எப்பவும் ஓட்றேன்னு சொல்லல. பாத்துக்கறேன்னு தான் சொன்னேன். அழுவாத. இந்தா, இப்டி குந்து. அன்னிக்கி பின் சீட்ல எனக்கு கண்ணு தான் தொறக்கல. காது கேட்டுச்சி.

— இன்னா கேட்டுச்சி?

— எல்லாம். நீ மாதாவ கூப்ட்ட. டிரைலருக்காரனோட அம்மாவயும் கூப்ட்ட. அப்பால என்ன பாத்து, "நீ மட்டும் செத்துப் பாருய்யா, இந்த வண்டிய காசிமேட்டு கடல்ல தள்ளிட்டு தான் உன்ன பொதைக்கறதுக்கே வருவேன்"ன. பயத்துலயே உசுர புடிச்சிகினேன்.

— அப்ப உனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். ஒரு மாசமா தெரியும்! மஹீன அந்த பாடு படுத்துனியே, என்ன இப்டி வண்டிய தள்ள வெச்சியே, எல்லாம் தெரிஞ்சிகினே!

— நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ வாயத் தொறக்கல. வண்டி பக்கத்துல வந்தாவே மூஞ்சிய திருப்பிகினு போன. எனக்கும் பேஜாரா தான் இருந்துச்சி. இன்னிக்கி கழுவற சாக்குலயாவது உன்ன இதுங்கிட்ட இஸ்துகினு வரலான்னு பாத்தேன்.

— போ, நீயும் ஆச்சு, உன் வண்டியும் ஆச்சு. நா வேணா ஞானத்தாண்ட போய் சொல்லிடறேன். வண்டி இல்ல, டிரைவரும் இல்ல, பொண்ணுக்கு வேற வண்டி சொல்லிக்கோன்னு.

— தெரு முனைலேர்ந்து சர்ச்சு வரிக்கும் பேண்டு செட்டு நடந்து தான் போவும். வண்டியும் அது பின்னாடி நடை வேகத்துல தான் போவணும். ஃபர்ஸ்ட்டு கியருக்கு மேல தேவையே இல்ல.

— அதுக்கு?

— பக்கத்து சீட்ல நா குந்திக்கறேன், ஹேண்ட் பிரேக்கு மேல கைய வெச்சிகினு.

— என்னால முடியாதுய்யா. லைசென்சும் இல்ல, தெகிரியமும் இல்ல. ஞானம் வண்டிய கேட்டா. வண்டிய குடுத்துடு. ஓட்றதுக்கு வேற ஆள கூப்டு.

— நா பொய் சொன்னேன் எல்சி. ஞானம் வண்டிய கேக்கவே இல்ல, உன்ன தான் கேட்டா. வூட்டு வாசல்ல நின்னு அழுதுகினே கேட்டா, "எங்கண்ணன உசுரோட கொண்டு போய் சேத்தது எங்க அண்ணி தான். எம்பொண்ணையும் அவங்களே கொண்டு போய் சேக்கட்டும்"னு.