உச்சியில் ஏறிக் கத்திய ஊர்

எண்பதுகளில் ஒரு மார்ச் காலை, டில்லி ஸ்டேஷன் வழியாகப் போகும் பஸ்ஸில் லோதி ரோட்டில் ஒரு தம்பதி ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். காலடியில் பெட்டி. அந்த அம்மாள் மடியில் துணி சுற்றிய செம்பு.

"ஏனுங்க, உச்சியில ஏறி நம்ம பையன் லோதி ரோடுன்னுதான் கத்துனானாமுங்க."

"யாரு சொன்னா?"

"அவங்கூட இருந்த சர்தார் பையன். ஹோலிக்குக் கொளுத்தறதுக்கு வருசா வருசம் ஹாஸ்டல் பசங்க கட்டையை மாடி உசரத்துக்கு அடுக்குவாங்களாமா. கடைசிக் கட்டையோட ஏறுறவன் தன்னோட ஊர்ப் பேரைக் கத்தோணுமாமா. இவன் கத்தி முடிச்சதுமே மொத்தமும் சரிஞ்சிருச்சாமா."

அவர் காலடிப் பெட்டியை உள்ளே தள்ளினார்.

"நம்ம ஊரு கொடுமுடின்னு கத்தியிருக்கலாம்."

"அங்க லீவுக்குத்தானுங்க போனான். போன மறுநாளே, எப்பம்மா வீட்டுக்குப் போலாம்னு நச்சரிப்பான்."

"அஸ்தியைக் காவேரில கரைக்கோணும்னு அங்க எல்லாரும் காத்திருக்காங்க. ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"புள்ளைய அத்தனை தூரத்துல விட்டுட்டு வந்து நான் இங்க எப்படிங்க இருப்பேன்?"

அவர் செம்பின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷன் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் பெட்டியைக் காட்டி, மதராஸ்காரர் இறங்கவில்லையா என்று இந்தியில் கேட்டார்.

"நஹீ பையா. ஜமுனா நதிப் பாலத்துக்கு தோ டிக்கெட்," என்றார் அவர். "ஹம் லோதி ரோடு வாலே, லோதி ரோட்டுக்காரங்க."