மேய்ச்சல் நிலத்தில் தரைதட்டிய படகு

என் பெயர் சைலஸ் ட்ரெவின். வயது நாற்பத்தாறு. தொழில், டார்லிங் ஆற்றில் கம்பளி மூட்டை ஏற்றும் சரக்குப் படகுக்குச் சுக்கான் பிடிப்பது. விலாசம், ஆற்றிலிருந்து அரை மைல் தள்ளி, பண்ணையார் கில்கிறிஸ்ட்டின் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் என் சொந்தப் படகு.

சென்ற வெள்ளத்தின்போது, ஆற்று வளைவைச் சுற்றிப் போகாமல், எங்கள் படகுக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல் மூழ்கிய நிலத்தின் மேலேயே குறுக்கே போனேன். அதன் பின்பு தண்ணீர் திடுமென வடிந்துவிட்டது. படகுக்கு அடி தட்டை என்பதால் சாயாமல், வீடு கட்டியதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பின்பு மூட்டைகளை மாட்டு வண்டிகள் கொண்டுபோயின. நானும் மனைவி ஹெஸ்டரும் படகிலேயே தங்கி, பக்கத்தில் பூசணி போட்டோம், கோழி வளர்த்தோம். பண்ணையாரின் ஆடுகள் படகு நிழலில் படுத்தன. நாங்கள் விரட்டவில்லை.

அதன் பின்பு பண்ணையார் வந்து, "என் நெலத்துல கெடக்குறது என்னுது. பொளந்து வேலிப் பலகையாக்கிருவேன்" என்றார். இந்தப் படகை விட்டால் எனக்கு வேறு எதுவும் கிடையாது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹெஸ்டர்தான், "வடக்க நல்ல மழையாம். பொளக்க வர்றவரு மொதல்ல நீந்தக் கத்துக்கிட்டு வரட்டும்" என்றாள். அதன் பின்பு நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை கான்ஸ்டபிள் டூலன் ஐயா, பண்ணையார் வாங்கிய பறிமுதல் உத்தரவோடு வந்தார். அவர் குதிரைக்கு முழங்கால் வரை தண்ணீர். என்னுடைய இந்த வாக்குமூலத்தை எழுதிய பிறகே உத்தரவைப் படகில் ஒட்ட முடியும் என்றார். நான் கோழிகளின் பெயர்களிலிருந்து ஆரம்பித்தேன். அதையெல்லாம் அவர் எழுதிக்கொள்ளவில்லை, ஆனாலும் கேட்டார். ஹெஸ்டர் பூசணி ரொட்டியும் தேநீரும் வைத்தாள். "அவசரமில்ல, அப்புறம்?" என்று ஐயாவே கேட்டுக் கேட்டு எழுதினார்.

அதன் பின்பு அவருடைய தகரக் குவளை மேசையில் தானாக நகர்ந்தது.

"என்னய்யா இது?"

"மெதக்குதுங்க ஐயா."

ஐயா உத்தரவை எடுத்துப் படித்தார். "இதுல நெலத்துல நிக்கிற படகுன்னுதான் போட்டிருக்கு" என்று சொல்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஐயா இறங்கியதும், படகு திரும்பிவிடாமல் நேராகப் போவதற்காகப் பின்னால் சங்கிலியைத் தரையில் இழுத்தபடி நீரோட்டத்தோடு ஆற்றுக்குப் போய்விடுவோம். கோழிகளும் வருகின்றன. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.

இதை ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். விலாசம் தவிர மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) சைலஸ் ட்ரெவின்