ஒரே டிஷ், இரண்டு வீடு

சேந்தமங்கலம் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு டிஷ் மெக்கானிக், மடியில் கேபிள் சுருளுடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த வேட்டிக்காரர் அவரிடம் சொன்னார்:

“என்ர தம்பி செய்தி வெச்சா, எங்கூட்டு டிவியில படம் நின்னுருதுங்க.”

“ஒரே ஊடுங்களா?”

“பாகம் பிரிச்சு மூணு வருசமாச்சுங்க. நடுவுல செவுரு. டிஷ் மட்டும் பொதுவுல கெடக்குது. ஒயரை நாந்தான் ரெண்டாப் பிரிச்சு உட்டேன்.”

“அதானுங்க தப்பு. டிஷ்லருந்தே ஆளுக்கொரு ஒயரு தனியா இழுக்கோணும். அரை மணி நேர வேலைதானுங்க.”

“அரை மணி நேரந்தானுங்களா?”

“ஆமாங்க. இப்பப் படம் நின்னா என்ன பண்றீங்க?”

“செவுத்தோரம் நின்னு, ‘டேய், சேனலை மாத்துடா’ன்னு கத்துவேன். ‘பொறுண்ணா, முடியப்போவுது’ம்பான்.”

“வேற பேச்சு வார்த்தை?”

“கெடையாதுங்க.”

மெக்கானிக் கேபிள் சுருளைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வாரட்டுங்களா?”

“வேண்டாமுங்க. அவன் கூப்பிட்டாலும், வேலை நெறையா இருக்குதுன்னு சொல்லீருங்க, சாமி.”