நாலில் நின்ற முள்

காரில் ஒரு மீட்டரைப் பொருத்த எனக்கு அரை நாள் பிடிக்கும். எங்கள் மட்சுயிதா ஊரில் மற்ற பட்டறைக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சிகரெட் பிடிக்கப் போய்விடுவார்கள். நான் ஒயர்களை டாஷ்போர்டுக்கு உள்ளேயே ஓட்டி, எங்கும் உரசாமல் துணி நாடா சுற்றி, முள் ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக வருகிறதா என்று மூன்று தடவை உட்கார்ந்து பார்த்த பிறகே திருகை முடுக்குவேன். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். இந்தத் தொகுரா வேலையில் அலட்சியமாக இருந்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

சுகயாவைப் பத்து வருடமாகத் தெரியும். மண் தோண்டும் இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர். நல்ல மனிதர் என்பார்கள், இருக்கலாம். எனக்கு அவரைவிட அவர் வண்டியைத்தான் நன்றாகத் தெரியும். வெள்ளை நிறம், இரண்டு கதவு, டர்போ வைத்தது. அப்படியொரு இன்ஜினை இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவர் காய்ந்த கணவாய் மீனைக் கடிப்பார், விரலை ஸ்டியரிங்கில் துடைப்பார். பனி பெய்த காலையில், இன்ஜின் சூடாவதற்குள் வண்டியை முறுக்குவார். இன்ஜின் எண்ணெயை மாற்றச் சொன்னால் சிரிப்பார்.

“ஓடுதுல்ல தொகுரா? ஓடுற வரைக்கும் ஓடட்டும்யா. நின்னா வேற ஒண்ணு வாங்கிக்கிட்டாப் போச்சு.”

ஒருநாள் எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் கறுப்பாக, கூழ் போலத் தடித்த கசடு. விரலால் தொட்டால் நூல் விட்டது. ரேடியேட்டர் விசிறியில் சிக்கிய பூனையைத் துண்டு துண்டாக எடுத்துப்போட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்குக் குமட்டியதில்லை. அன்று குமட்டியது. மதியச் சோறு இறங்கவில்லை. ராத்திரி குளித்த பிறகும் அந்த விரலை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் கடைசியில் அவர் மனைவி மினெகோ வந்தார். அவருடைய தாயார் மலைக்கு அந்தப் பக்கம் சாகுவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாரத்தில் இரண்டு நாள் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் தனியாகப் போக வேண்டும். கணவர் வண்டி வைத்திருக்கும் லட்சணம் தெரிந்ததால் அவருக்குப் பயம். எண்ணெயை மாற்றி, அதன் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றையும் பொருத்தச் சொன்னார்.

“எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. எதைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லிடுங்க, பார்த்துக்குறேன்.”

முள் நாலில் நிற்க வேண்டும், விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்றேன். சரியான அறிவுரை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மீட்டரைச் சுத்தமாகப் பொருத்தினேன். முள்ளுக்குச் சேதி சொல்லும் ஒயரை மட்டும் இன்ஜினோடு சேர்க்கவில்லை. சாவியைத் திருப்பினால் முள் நாலுக்கு வந்து அங்கேயே நிற்கும்படி வேறொரு மின்னிணைப்போடு சேர்த்தேன். வண்டியோடு வந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கின் இணைப்பையும் எடுத்துவிட்டேன். பழைய எண்ணெயை வடித்தேன். அது மூன்று மணி நேரம் சொட்டியது. புது எண்ணெயைப் பாதியளவுதான் ஊற்றினேன். உயர்ந்த ரக எண்ணெய். அந்த ஆளுக்கு அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

கொல்ல நினைத்தேனா என்று காலையிலிருந்து நாலு முறை கேட்டுவிட்டீர்கள். இல்லை. அந்த இன்ஜினை அவரிடமிருந்து விடுவிக்க நினைத்தேன். ஒரு நாயை ஒருவன் தினமும் உதைத்துக்கொண்டிருந்தால் நீங்களும் ஏதாவது செய்வீர்கள்.

வண்டியை எடுக்க வந்த மினெகோ சாவியைத் திருப்பியதும் கேட்டார். “இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே, அதுக்குள்ள நாலு காட்டுதே?” மூளையுள்ள பெண். புது மீட்டர் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் இருகை சேர்த்து, தலை தாழ்த்தி நன்றி சொன்னார்.

மூன்றாவது வாரம், மலை இறக்கத்தில் இன்ஜின் இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. மற்றதை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். உடைந்து கிடந்த வண்டிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, எண்ணெய் அழுத்தம் துளியும் இல்லாத இன்ஜினுக்கு முள் நாலைக் காட்டியதாமே. வேலை அவ்வளவு உறுதி.

சாவுச் சடங்கு முடிந்த மறுநாள் சுகயா பட்டறைக்கு வந்தார். கறுப்பு டையை அவிழ்க்கக்கூட இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீங்க எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்க. எல்லாம் நான் வச்சிருந்த லட்சணம். நான்தான் அவளைக் கொன்னுட்டேன்.”

அவர் மூக்கு ஒழுகி என் மணிக்கட்டில் விழுந்தது. கையை இழுத்துக்கொண்டு போய் மண்ணெண்ணெயில் கழுவினேன். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதில் உண்மை இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. வண்டி விழுந்த அன்று காலை பதினோரு மணிக்கு மலை உச்சியிலுள்ள உணவகத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து மினெகோ என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றமில்லை, வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறோமே என்ற சங்கடம்தான் இருந்தது.

“ஏதோ கருகுற வாடை வருதுங்க. உள்ளே தட்டுற மாதிரி சத்தமும் கேக்குது. ஆனா முள்ளு நாலுலதான் நிக்குது. இங்கேயே விட்டுட்டு பஸ்ல போயிடட்டுமா?”

கொஞ்சம் யோசித்தேன். அங்கே விட்டால் யாராவது இழுத்து வந்து, அரைகுறையாகப் பிழைக்கவைத்து, மறுபடி சுகயா கையிலேயே கொடுப்பார்கள். அதை நினைத்ததும் அந்தக் கசடின் நாற்றம் மூக்கில் ஏறியது.

“முள்ளு நாலுல நிக்குதுன்னா பயமில்லைங்க. தைரியமா மலையை இறங்குங்க” என்றேன்.

அந்தப் பெண்ணிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். முள் நாலில்தான் நின்றது.