கேட்டில் மாட்டிய காப்பி

நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய புதிது. மலேசியாவின் பாலிங்கில் ஒரு மளிகைக் கடை வாசலில் ஆள் நிற்க மஞ்சள் கோடுகள் ஒட்டியிருந்தார்கள். எனக்கு முன்னே இரண்டு பெண்கள். இடைவெளி விட்டு நின்றதால் ரகசியத்தையும் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"கூடப் பொறந்த தம்பிக்கு காப்பிய பொங்குஸ் கட்டி கேட்டுல மாட்டினேன்க்கா."

"பிளாஸ்டிக் பையிலயா? கடையில கட்டிக் குடுக்கிற மாதிரியா?"

"ஸ்ட்ராவும் போட்டு. அவன் வேலை செய்யிற பேக்டரியில ரெண்டு பேருக்கு கொரோனா லா. எங்க வீட்டுல பிள்ளைங்க இருக்கு. அவனோ எங்களுக்கு அரிசி வாங்கிக்கிட்டு வந்திருக்கான்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"மோட்டார்ல உக்காந்தே குடிச்சான். காலிப் பையக்கூட எங்க வாசல்ல போடல. பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போனான்."

"பயம்தானே, தப்பில்ல லா."

"நேத்து மறுபடியும் வந்தான்க்கா. அவன் வீட்டுக் கோப்பைய அவனே கொண்டாந்து நீட்டுறான்."

"அப்பவாச்சும் உள்ள கூப்பிட்டியா?"

அவள் காலடியில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள்.

"ஊத்தினேன். ஜக்கு அவன் கோப்பையில படாம, ஒசரத் தூக்கி."