மஞ்சள் டவுசர் காயவில்லை

மஞ்சள் துணியைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். தைஹாபே ஊர்க் கிழவர்கள் ரக்பி அணியின் சலவைப் பொறுப்பு என்னுடையது, அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் ஆட்டத்தில் எழுபதைத் தாண்டியவர் மஞ்சள் டவுசர் போடுவார். அவர் பந்தோடு வந்தால் யாரும் தொடக் கூடாது. நியூசிலாந்தே விலகி வழிவிடும். என் நண்பன் நெவில் அப்படித்தான் காலை நடைபோல நடந்தே புள்ளிகளைக் குவித்தான். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவனுடைய கட்டி.

ஈரலில், ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்ட கட்டி. அவன் சொல்லும்போது முதல் பீருக்கு எலுமிச்சை அளவில் இருக்கும். மூன்றாவது பீருக்குள் பூசணியாகிவிடும். அவனை டாக்டரிடம் காரில் கூட்டிப்போனவனே நான்தான்.

"புற்றுநோய் இல்ல, சாதுவான கட்டி. பலமா அடிபட்டா உடைஞ்சு உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டலாம். ஆனா அது ரொம்ப அபூர்வம். மஞ்சள் டவுசர் இருக்கற வரைக்கும் தாராளமா ஆடுங்க," என்றார் டாக்டர்.

'அபூர்வம்' என்பதை நெவில் பதக்கம்போல மாட்டிக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் எங்களுக்குள் வியாதிப் போட்டி நடக்கும். இரண்டு முழங்காலையும் மாற்றிக்கொண்ட நான்தான் அதில் பல காலம் ராஜா. இப்போது வாய் திறந்தாலே, "அடப் போடா பெர்ஸ், முழங்கால் கடையில கெடைக்குது. இப்படி ஒரு கட்டி கெடைக்குமா?" என்பான். சிரிப்பில் கூரைத் தகரம் பறக்கும். ஒன்றுமே செய்யாத கட்டிக்கு இவ்வளவு மரியாதை.

போன சனிக்கிழமை வெளியூர் அணி வந்திருந்தது.

"என் டவுசர் எங்கடா?"

"இன்னும் காயல. இந்தக் கறுப்பப் போட்டுக்கோ."

"எவனாவது மேல விழுந்தா?"

"உன் மூஞ்சியப் பாத்தா எவன்டா கிட்ட வருவான்?"

சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டான்.

எதிரணியில் ரங்கி என்ற கறிக்கடைக்காரர். அவர் சாய்ந்தால் ஆட்டுக்கொட்டகையே நகரும். கறுப்பு டவுசரைப் பார்த்தார்; முறைப்படி மோதினார். நெவில் சுண்ணாம்பாக வெளுத்து, "ஒன்னுமில்லடா, மூச்சுதான் முட்டிடுச்சு," என்றான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடியவர்களை நிறுத்தி, "முதல்ல டீ குடுங்கப்பா," என்றேன். அபூர்வமான ஒன்றை நேரில் பார்க்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? கடைசியில் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் இறங்கும்போது அவன் உயிரோடு இல்லை.

ரங்கியை விட்டுவிடுங்கள். மஞ்சள் டவுசர் நன்றாகக் காய்ந்து, இஸ்திரி போட்டு, என் காரில் இருந்தது. பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லோரையும்விட எனக்குத்தான் துக்கம் அதிகம். அதனால்தானே அவன் மனைவி ஜாய்ஸ் இரங்கல் உரையை என்னிடம் ஒப்படைத்தாள். ஈரலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒருவர்கூட இருமவில்லை. நெவில் இருந்திருந்தால் குறுக்கே பேசிக் கெடுத்திருப்பான்.