நாலிலிருந்து பத்தொன்பது வரை

விளக்கு எரியட்டும்... அணைத்தாலும் ஒன்றுதான். இது ராத்திரியில் நடந்த கதை இல்லை. பட்டப்பகல், மணி இரண்டு இருபது. கோட்டுச்சேரிமேட்டுக்குப் போகும் சாலையில் அந்நேரம் ஒரு நாய்கூட நடமாடாது. அந்தச் சாலையின் கடைசி வீடு கலைவாணனுடையது. நம் மாறன் இருக்கிறானே, அவனுடைய மச்சான்.

கலைவாணனின் அப்பா கைலாசநாதன் போன சித்திரையில் இறந்துபோனார். பெரிய மகன் பிரான்சிலிருந்து வரவேண்டும். அதுவரை உடலைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் பெட்டியின் குளிர் அளவு சிவப்பாக 4 என்று எரிந்துகொண்டிருந்தது. மத்தியானம் கரண்ட் போனது. பெட்டிக்காரர் விட்டுப்போன சின்ன ஜெனரேட்டர் ஒரு பிளக்கைத்தான் தாங்கும்.

கலைவாணன் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவன். மூன்று மணிக்குள் ஒரு ஃபைல் போய்ச் சேராவிட்டால் அந்த வேலையே இல்லை. பந்தலில் எல்லோரும் அசந்து தூங்கினார்கள். அம்மா அமுதம் பெட்டிமேல் தலைசாய்த்துக் கண்ணயர்ந்திருந்தாள். இரண்டு இருபதுக்கு அவன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டரைச் செருகினான்... நாற்பது நிமிஷம்.

மறுபடி பெட்டியைச் செருகியபோது சிவப்பாக 19. கண்ணாடி உள்ளே வேர்த்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. பாவி, அவன் மட்டும் பார்த்தான்.

கருமாதி முடிந்த மறுவாரம் கம்ப்யூட்டர் திடீர் திடீரென அணைந்தது.

"பிராசசர் சூடாவுது மச்சான். சூடு காட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றான் மாறன்.

போட்டான். திரையின் மூலையில் எண் ஓடியது. ஐம்பது... ஐம்பத்திரண்டு... இரண்டு இருபதுக்கு, 4.

மாறன் சிரித்தான். "ரூம் சூட்டுக்குக் கீழ அது எப்புடி எறங்கும்? சென்சார் போயிருக்கும்."

வேறு சாஃப்ட்வேர் போட்டார்கள். அதிலும் அதே எண். பிறகு 5... 6... நிதானமாக ஏறியது. கம்ப்யூட்டர் கேபினட்டிலிருந்து வந்த காற்றில் வாடிய ரோஜா மாலை வாசம். எங்கோ டக டகவென்று ஒரு ஜெனரேட்டர். மூன்று மணிக்கு 19. அடுத்த நொடி, பழையபடி ஐம்பது.

தினமும் இதே. மூடியைக் கழற்றினான், பிராசசர்மேல் சூடு தணியத் தடவும் பேஸ்டை மாற்றினான், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். எண் அதன் பாட்டுக்கு ஏறியது. இனி எதைப் பிடுங்கி எதில் செருகுவது? அவனுக்கு அழுகையாக வந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் கம்ப்யூட்டரைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினான். மறுநாள் இரண்டு இருபது. எந்த எண்ணும் இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தான்.

கூடத்தில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெனமும் இந்நேரம் அப்பா கனவுல வந்து புழுங்குதுங்கிறாருடா. 'நாப்பது நிமிஷந்தான், சின்னவன ஒண்ணும் சொல்லாத'ங்கிறாரு... எதுக்குடா அப்புடிச் சொல்றாரு?"